பழைய மின்சார ரயிலுக்கு முதலில் ஒரு கூரை வேண்டும்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், இங்கிலாந்தில் ஓட்டத்திலிருந்து நீக்கப்பட்ட பழைய மின்சார ரயில் ஒன்றை மீட்டெடுக்க வார இறுதிகளில் கூடும் எங்கள் தன்னார்வக் குழுவைப் பற்றி எழுதியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். ரயில் எங்கே நிற்கிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் சொல்லமாட்டேன், பழைய பெட்டிகளில் இருக்கும் செம்புக் கம்பிக்காகவே பூட்டை உடைக்கிறவர்கள் உண்டு.

கே: நீராவி இன்ஜின்களையே நூறு வருடம் தாண்டியும் ஓட்டிக் காட்டுகிறார்கள். மின்சார ரயில் அதற்குப் பின்னால் வந்தது, கொதிகலன் கிடையாது, கரி கிடையாது. அதைப் பாதுகாப்பது சுலபமாகத்தானே இருக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்

ப: நியாயமான கேள்வி சார், ஆனால் நிலைமை தலைகீழ். நீராவி இன்ஜினுக்குத் தேவையான எல்லாம் அதனிடமே இருக்கிறது. கரியும் தண்ணீரும் கொடுத்து எந்தத் தண்டவாளத்தில் கொண்டுபோய் விட்டாலும் ஓடும். மின்சார ரயிலின் பாதிதான் பெட்டிக்கு அடியில் இருக்கிறது, மீதிப் பாதி பாதையோரத்திலும் துணைமின் நிலையத்திலும் இருக்கிறது. அந்த மீதிப் பாதியை யாரும் நமக்கு விற்கமாட்டார்கள்.

தென் இங்கிலாந்தில் பெரும்பாலான மின்சார ரயில்கள் தலைக்கு மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை. ஓடும் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே, தரையை ஒட்டி, 750 வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.) உள்ள மூன்றாவது தண்டவாளம் ஒன்று போகும். பெட்டிக்கு அடியில் உள்ள இரும்பு ஷூ அதன்மேல் உரசிக்கொண்டே போய் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். தவறி மிதித்தால் உயிர் போய்விடும். பழைய ரயில்களை ஓட்டிக் காட்டுகிற, குழந்தைகளோடு குடும்பங்கள் வந்துபோகும் பாரம்பரிய ரயில் பாதைகளில் இதைப் போட முடியுமா? அந்த நாட்டின் ரயில் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பு, புதிதாக மூன்றாவது தண்டவாளம் போடுவதையே பொதுவாக ஏற்பதில்லை. அதனால் தானாக ஓடுவதற்கென்றே செய்த ரயிலை டீசல் இன்ஜின் ஒன்று இழுத்துக்கொண்டு போகிறது, பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அந்த இழுப்பும் லேசில் நடக்காது. பழைய நீராவிப் பாதைகளில் பெரும்பாலும் வெற்றிட பிரேக் வைத்த வண்டிகள், மின்சார ரயிலுக்கோ காற்றழுத்த பிரேக். இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. காற்றழுத்த பிரேக் உள்ள இன்ஜின் அந்தப் பாதையில் இருக்க வேண்டும், அன்றைக்கு அது ஓடும் நிலையிலும் இருக்க வேண்டும். அப்புறம், நீராவி இன்ஜின் ஒரே வண்டி. மின்சார ரயில் மூன்று, நான்கு பெட்டி சேர்ந்தால்தான் ரயில். பல வகைகளில் நடுப்பெட்டிகளுக்கு இடையே சாதாரணக் கொக்கி கிடையாது, பட்டறையில் மட்டுமே கழற்றக்கூடிய இரும்புத் தண்டால் பிணைத்திருப்பார்கள். ஆகவே ஒரு பெட்டியை மட்டும் உருவி ஷெட்டுக்குள் தள்ளி வேலை பார்ப்பதும் அவ்வளவு எளிதில் நடக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புகை விடும் இன்ஜினைப் பார்க்கக் கூட்டம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரும். அன்றாடம் வேலைக்குத் தூங்கி வழிந்துகொண்டு போன புறநகர் ரயிலைப் பார்க்க யார் வருவார்கள் என்று பாதை நடத்துகிறவர்களே கேட்கிறார்கள். லட்சக்கணக்கான பேர் வேலைக்குப் போனதும், பள்ளிக்குப் போனதும், முதல் சம்பளத்தோடு வீடு திரும்பியதும் இந்தப் பெட்டிகளில்தான். ராஜா ராணி போன சலூன் பெட்டியைப் பாதுகாக்க நாலு பேர் வருவார்கள், இதற்கு நாம்தான் போக வேண்டும்.

கே: ஒரு குழுவாகச் சேர்ந்து ரயிலை வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முதலில் செய்ய வேண்டியது என்ன? பெயிண்டா, மோட்டாரா?
– வங்கி ஊழியர்

ப: இரண்டும் இல்லை. கூரை. என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பழைய பெட்டிகளின் கூரை ஓரத்தில் மழைநீர் வழியும் சின்ன வாய்க்கால் ஒன்று இருக்கும். அது துருப்பிடித்துத் தண்ணீர் உள்ளே இறங்க ஆரம்பித்தால் ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால், கதவுத் தூணுக்குள், தரைக்கு அடியில் என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குப் போய்ச் சேரும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். அதைச் சுரண்டினால் ஓட்டையை அடைக்கப் பூசிய புட்டி வரும், புட்டியைச் சுரண்டினால் அதற்குப் பின்னால் இரும்பே இருக்காது. மரச்சட்டம் வைத்த பெட்டி என்றால் இன்னும் மோசம், விரலால் அழுத்தினாலே மரம் உள்ளே போகும். தார்ப்பாய் போட்டு மூடலாமே என்பார்கள். தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டு பெயிண்டை உரசித் தள்ளும், உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மழைக்காலத்துக்குத் தாங்கும், பத்து வருடத்துக்குத் தாங்காது.

நாங்கள் கஷ்டப்பட்டு ஒரு பக்கத்தைப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து முடிப்பதற்குள் மறுபக்கம் அழுகிவிடும். வெளியில் நிற்கும் ரயிலில் இதுதான் கதை. நான்கு பெட்டி முழுவதும் நிற்கும் நீளத்துக்கு ஷெட் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அந்த இடத்துக்கு ஒரு நீராவி இன்ஜினும் போட்டியில் இருக்கும், பெரும்பாலும் அதுதான் ஜெயிக்கும்.

கூரை கிடைத்தாலும் அது யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பது அடுத்த கவலை. கோவென்ட்ரி நகருக்குப் பக்கத்தில் மின்சார ரயில்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருந்தது, தன்னார்வலர்கள் நடத்தியது. நிலம் அவர்களுடையதில்லை. குத்தகை நீட்டிக்கப்படாமல் 2017 அக்டோபரில் மூடவேண்டியதாகிவிட்டது. அவ்வளவு பெட்டிகளுக்கும் ஒரே நேரத்தில் வேறு வேறு இடம் தேடி லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டிய நிலைமை. ஒரு பெட்டியை நகர்த்தவே தாழ்வான தனி லாரி, இரண்டு பக்கமும் கிரேன், சாலை அனுமதி எல்லாம் வேண்டும். வருடக்கணக்கில் உண்டியலில் சேர்த்த பணம் ஒரே நாளில் போய்விடும், அந்தப் பணத்தில் ரயிலில் ஒரு ஸ்க்ரூகூட மாறியிருக்காது.

கே: நான் மின் பொறியியல் படிக்கிறேன். பல வருடம் நின்றுபோன ரயிலில் மின்சாரப் பகுதி என்ன ஆகும்? மறுபடி உயிர் கொடுக்க முடியுமா?
– கல்லூரி மாணவர்

ப: முடியும் தம்பி, பொறுமை இருந்தால்.

முதலில் மோட்டார். அச்சோடு சேர்த்துத் தொங்கவிட்டிருக்கும் நேர்மின்சார சீரீஸ் மோட்டார் அது. சும்மா நிற்கும்போது சுருளுக்குள் ஈரம் ஏறும். ஆகவே எதையும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் மெக்கர் என்ற அளவுகருவி வைத்து இன்சுலேஷனை அளந்து பார்ப்போம். அளவு மோசமாக இருந்தால் சூடான காற்றை உள்ளே செலுத்தி நாட்கணக்கில் உலர்த்துவோம், தினமும் அளந்து எழுதி வைப்போம். பல சமயம் மெல்ல மெல்ல ஏறும். ஏறாவிட்டால் ஆர்மேச்சரை, அதாவது மோட்டாருக்குள் சுழலும் பாகத்தை, கழற்றிக் கம்பியை மறுபடி சுற்ற வேண்டும், அதற்கு மோட்டாரையே அச்சிலிருந்து இறக்க வேண்டும், அதற்குப் பெட்டியைத் தூக்கிச் சக்கரச் சட்டத்தை வெளியே உருட்ட வேண்டும். இந்த வேலை செய்யும் நிறுவனங்கள் மிகச் சில, கூலி கேட்டால் தலை சுற்றும். சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கம்யூட்டேட்டரில் செம்பு கறுத்துப் போயிருக்கும், கார்பன் பிரஷ் அதன் கூட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், பேரிங்கில் கிரீஸ் கல்லாகியிருக்கும். டீசல் இன்ஜின் இழுத்துக்கொண்டு போகும்போதும் அச்சோடு சேர்ந்து மோட்டாரும் சுற்றும் என்பதை மறக்கக்கூடாது. "சும்மா இழுக்கத்தானே போகிறோம், மோட்டாரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் பேரிங் போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தால் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்துவிட்டு, வெல்டிங் செட்டிலிருந்து குறைந்த வோல்ட்டில் மின்சாரம் கொடுத்து மோட்டாரை மெதுவாகச் சுற்றவைத்துப் பார்ப்பதுண்டு. பல வருடங்கள் அசையாத மோட்டார் ஒன்று முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கும்போது சுற்றி நிற்கிற யாருக்கும் பேச்சு வராது. இதைப் படித்துவிட்டு யாரும் தனியாக முயற்சி செய்யாதீர்கள், தகுதியுள்ளவர் மேற்பார்வையில் மட்டுமே செய்கிற வேலை இது.

அடுத்தது வயரிங், உண்மையான தலைவலி இதுதான். இந்த ரயில்களில் ஓட்டுநரின் கைப்பிடி வழியாக முழு மின்சாரமும் போவதில்லை. அவர் கைப்பிடியைத் திருப்பினால் குறைந்த அளவு மின்சாரம் சின்னக் கம்பிகளில் ரயில் முழுவதும் போய், ஒவ்வொரு மோட்டார் பெட்டியிலும் உள்ள கான்டாக்டர்கள் என்ற பெரிய சுவிட்சுகளை வரிசையாக மூடும். அவை ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக விலக்கும், மோட்டார்களைத் தொடர் இணைப்பிலிருந்து பக்க இணைப்புக்கு மாற்றும். ஒரே ஓட்டுநர் பல பெட்டிகளின் மோட்டார்களை ஒன்றாக ஆட்டுவிக்கும் இந்த ஏற்பாட்டை அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் ஸ்பிரேக் 1897-ல் சிகாகோவில் செய்து காட்டினார். உலகம் முழுவதும் புறநகர் ரயில்கள் பெருகியதற்கு அந்த யோசனை ஒரு பெரிய காரணம். ஆனால் பாதுகாக்கிற எங்களுக்கு அதன் பொருள், நான்கு பெட்டியில் எங்கோ ஒரு மூலையில் ஒரு கம்பி விட்டுப்போனால் ரயில் நகராது.

அந்தக் கம்பிகள் எப்படிப்பட்டவை என்று நினைக்கிறாய்? ரப்பர் உறை, அதன்மேல் பருத்தி நூல் பின்னல். வயசான ரப்பர் வளைத்தால் பொடியாக உதிரும். தொடாத வரைக்கும் நன்றாக இருப்பதுபோல் இருக்கும், பெட்டியைத் திறந்து ஒரு கட்டைத் தள்ளினால் போச்சு. அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, ஒவ்வொரு முனையிலும் எண் கட்டி, நோட்டில் எழுதி, அப்புறம்தான் கை வைப்போம். வரைபடம் இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும், ஆனால் அது ரயில் பிறந்தபோது போட்டது. அதற்குப் பிறகு 30, 40 வருடம் ஓட்டத்தில் இருந்தபோது பணிமனையில் எத்தனையோ மாற்றங்கள் செய்திருப்பார்கள், அதில் பலவற்றை யாரும் காகிதத்தில் ஏற்றவில்லை. வரைபடம் ஒன்றைச் சொல்லும், ரயில் வேறொன்றைச் சொல்லும். ரயிலைத்தான் நம்ப வேண்டும்.

பிரேக்கைப் பற்றி ஒரு வரி: தோலும் ரப்பரும் வைத்த அடைப்பான்கள் எல்லாமே காய்ந்திருக்கும், ஒவ்வொரு வால்வையும் பிரித்து, புதுப்பித்து, சோதித்துச் சான்று வாங்கினால்தான் பயணிகளை ஏற்றலாம். இதில் சலுகை கேட்கவே கூடாது.

கே: பழைய ரயில் பெட்டிகளில் அஸ்பெஸ்டாஸ் உண்டாமே? தன்னார்வலர்கள் அதைத் தொட்டுக்கொண்டா வேலை செய்கிறீர்கள்?
– செவிலியர் ஒருவர்

ப: தொடுவதில்லை அம்மா. சூடும் சத்தமும் தாங்குவதற்காகச் சுவருக்குள் தெளித்திருப்பார்கள், மின்பொறி பறக்கிற இடங்களில் தகடாக வைத்திருப்பார்கள். நீலம், பழுப்பு வகைகளை பிரிட்டன் 1985-லும் வெள்ளை வகையை 1999-லும் தடை செய்தது. பழைய பெட்டிகளில் இருப்பது இருக்கத்தான் செய்கிறது. முதலில் ஆய்வு, அப்புறம் உரிமம் பெற்ற நிறுவனம் வந்து அகற்றும், அதுவரை அந்தப் பெட்டிக்குப் பூட்டு. அஸ்பெஸ்டாஸ் இருக்கும் பெட்டியை ஒரு குழு இன்னொரு குழுவுக்குக் கைமாற்றுவதற்கே தனியாக விலக்குச் சான்று வேண்டும். செலவு அதிகம்தான், நல்ல ரயில்கள் சில இந்தச் செலவைத் தாங்க முடியாமலே உடைக்கப் போயிருக்கின்றன. அதற்காக விதியைத் தளர்த்தச் சொல்லமாட்டேன். நுரையீரலை எந்த ரயிலுக்காகவும் கொடுக்க முடியாது.

கே: இவ்வளவு பாடு எதற்கு? ஹோட்டல்காரர்களிடம் கொடுத்தால் உணவகமாக வைத்து நன்றாகப் பராமரிப்பார்களே?
– சிறுதொழில் நடத்துபவர்

ப: செய்து பார்த்திருக்கிறார்கள். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓடிய 'பிரைட்டன் பெல்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1932-ல் கட்டிய சொகுசு மின்சார ரயில், ஐந்து பெட்டிகள் கொண்ட மூன்று தொடர்கள், 1933 ஜனவரி 1 முதல் ஓடியது, 1934-ல் இந்தப் பெயர் வந்தது. 1972 ஏப்ரல் 30-ல் கடைசி ஓட்டம். அதன்பிறகு பெட்டிகள் ஆளுக்கொன்றாக விலைபோயின. சில மதுக்கடைக்கும் உணவகத்துக்கும் பக்கத்தில் போய் நின்றன, சிலவற்றை இன்ஜின் இழுக்கும் சொகுசு ரயிலில் சேர்த்துக்கொண்டார்கள்.

உணவகமானால் என்ன ஆகும் என்றால், உள்ளே இருக்கும் மரவேலைப்பாடும் மேஜை விளக்கும் பிழைத்துவிடும், ஏனென்றால் வாடிக்கையாளர் அதைத்தான் பார்ப்பார். அடியில் இருக்கும் மோட்டார், கம்ப்ரசர், கட்டுப்பாட்டுப் பெட்டிகள் யாருக்கும் வேண்டாத சுமை. மின்சார ரயிலை மின்சார ரயிலாக்கியவை அவைதான், முதலில் போவதும் அவைதான். பிறகு ஓர் அறக்கட்டளை அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து மறுபடி முக்கியப் பாதையில் ஓடும் ரயிலாக்கப் பல வருடங்களாகப் பாடுபட்டு வருகிறது. முக்கியப் பாதையில் ஓட்டுவதென்றால் இன்றைய ரயிலுக்கு இருக்கும் பாதுகாப்புக் கருவிகள் இதற்கும் வேண்டும்: சிக்னலைத் தாண்டினால் தானே நிறுத்தும் கருவி, டிஜிட்டல் ரேடியோ, ஓட்டத்தைப் பதிவு செய்யும் பெட்டி, கதவைப் பூட்டும் ஏற்பாடு. 1932-ல் இதற்கெல்லாம் இடம் விட்டு யாரும் ரயில் கட்டவில்லை.

உணவகமாக நின்றதால்தான் சில பெட்டிகள் உடைபடாமல் தப்பின என்பதும் உண்மை, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு தொடரைப் பிரித்து விற்றால் மறுபடி சேர்க்க ஒரு தலைமுறை ஆகும். பிரிக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுதல்.

கே: கம்பியை எல்லாம் புதிதாக மாற்றிவிட்டால், தகட்டையும் மாற்றிவிட்டால், அது பழைய ரயிலா? அசலைத் தொடாமல் அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடுவது நேர்மை இல்லையா?
– வரலாற்றுத் துறை ஆய்வாளர்

ப: எங்கள் குழுவிலேயே தேநீர் நேரத்தில் சண்டை வரும் கேள்வி இது. பதில் ரயிலைப் பொறுத்தது என்று நினைக்கிறேன். அந்த வகையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்றால், அதுவும் உள்ளே பெரிதாகக் கை வைக்காமல் இருக்கிறது என்றால், தொடாதீர்கள். யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் 1937-ல் செய்த தென்பகுதி மின்சார ரயில் ஒன்று இரண்டு பெட்டிகளோடு முழுசாக இருக்கிறது. அதன் வேலை ஓடுவதில்லை, சாட்சியாக நிற்பது.

ஏற்கெனவே பலமுறை மாற்றம் கண்ட ரயில் என்றால் நான் ஓட்டத்தின் பக்கம்தான் நிற்பேன். மின்சார ரயிலின் குணமே அதன் சத்தத்திலும் இழுவையிலும் இருக்கிறது. கம்ப்ரசர் தடதடவென்று ஓடி நிற்கும் சத்தம், கிளம்பும்போது கியரிலிருந்து சுருதி ஏறிக்கொண்டே போகும் முனகல், கான்டாக்டர்கள் அடுத்தடுத்து விழும் ஒலி, இதெல்லாம் நின்ற ரயிலில் கிடையாது. கம்பி மாற்றினால் மாற்றினோம் என்று எழுதி வையுங்கள், பழைய கம்பியில் ஒரு முழம் எடுத்துப் பெயர் கட்டிப் பாதுகாத்து வையுங்கள், புதுக் கம்பி பழைய பாதையிலேயே போகட்டும். பின்னால் வருகிறவர் எது அசல், எது நாம் வைத்தது என்று பிரித்துப் பார்க்க முடிய வேண்டும்.

பெயிண்ட் நிறத்தைப் பற்றிய சண்டையில் நான் கலந்துகொள்வதில்லை. நீலமா பச்சையா என்று பேசிய நேரத்தில் இரண்டு கதவைச் சரிசெய்திருக்கலாம்.

கே: தன் சொந்த மின்சாரத்தில் இன்றும் ஓடும் பழைய ரயில்கள் எங்குமே இல்லையா?
– ரயில் பயணப் பிரியர்

ப: ஏன் இல்லை? லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் 1938-ம் வருட வகைச் சுரங்க ரயில் ஒன்று, அதே லண்டன் சுரங்கப் பாதையில் சில நாட்களில் பயணிகளோடு ஓடியிருக்கிறது. பாதையில் மின்சாரம் ஏற்கெனவே இருப்பதால் அங்கே அது சாத்தியம். ஆனால் அந்தப் பாதைகளுக்கும் கணினி சிக்னல் முறை வருகிறது, பழைய ரயிலுக்குப் புதுக் கருவி வைக்காமல் அதற்குள் நுழைய முடியாது. அதே அருங்காட்சியகத்தின் ஆக்டன் பணிமனையில் தன்னார்வலர்கள் 'கியூ' என்ற பழைய வகை லண்டன் ரயிலின் மூன்று பெட்டிகளை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே 1938 வகை ரயில்கள் இங்கிலாந்தின் தென்கரைக்கு அருகே உள்ள வைட் தீவில் 1989 முதல் 2021 ஜனவரி வரைக்கும் சாதாரணப் பயணிகளுக்காகவே ஓடின, பாதுகாக்கப்பட்ட ரயிலாக இல்லை, தினசரி வண்டியாக!

பிரைட்டன் கடற்கரையில் மாக்னஸ் வோக் 1883-ல் தொடங்கிய குட்டி மின்சார ரயில் இன்றும் ஓடுகிறது, அதற்குத் தோள் கொடுக்கத் தன்னார்வலர் சங்கம் ஒன்று இருக்கிறது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மான் தீவில் (Isle of Man) 1893-ல் செய்த மின்சார வண்டிகள் அவை பிறந்த பாதையிலேயே இருக்கின்றன.

அமெரிக்காவில் கதை இன்னும் கொஞ்சம் நல்லது. மெய்ன் மாநிலத்தில் சில இளைஞர்கள் 1939-ல் 150 டாலருக்கு ஒரு திறந்த டிராம் வண்டியை வாங்கினார்கள், அது இன்று சீஷோர் டிராலி அருங்காட்சியகமாக வளர்ந்திருக்கிறது. 1953-ல் தொடங்கிய இல்லினாய் ரயில்வே அருங்காட்சியகம் சொந்த நிலம் வாங்கி, தன்னார்வலர்களே கம்பம் நட்டு, மேலே கம்பி இழுத்து, பழைய மின்சார வண்டிகளை ஓட்டுகிறது. 1941-ல் கட்டிய 'எலெக்ட்ரோலைனர்' என்ற மின்சார ரயில்கள் இரண்டில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. மேலே போகும் கம்பி என்பதால் கீழே நடக்கிறவருக்கு ஆபத்து குறைவு. முக்கியமாக, நிலம் சொந்தம். நான் கூரை கூரை என்று அடித்துக்கொள்வது இதனால்தான்.

பேட்டரி வைத்து ஓட்டலாமே என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். விளக்குக்கும் கம்ப்ரசருக்கும் வைப்பது நடக்கிற காரியம். முழு ரயிலையும் ஓட்டும் அளவுக்கு என்றால் எடை, தீ பாதுகாப்பு, வைக்கும் இடம், பணம் நான்கும் சேர்ந்து வரும். எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் மோட்டாரும் வயரிங்கும் சரியான பிறகுதான் அந்தப் பேச்சு.

கே: உங்களுக்கு இதில் பெரிய சவால் பணமா, ஆட்களா? எனக்குப் பொறியியல் எதுவும் தெரியாது, என்னைப் போன்றவர்களால் ஏதாவது பயன் உண்டா?
– இல்லத்தரசி

ப: ஆட்கள்தான் அம்மா. பணம் வரும், போகும், விண்ணப்பம் எழுதினால் நிதி கிடைக்க வாய்ப்பு உண்டு. இந்த ரயில்களை ஓட்டியவர்கள், பணிமனையில் பழுது பார்த்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். எந்தச் சத்தம் வந்தால் எந்த ரிலேயைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும், எந்தக் கையேட்டிலும் இருக்காது. எங்களோடு வேலை செய்த பெரியவர் ஒருவர் கான்டாக்டர்கள் விழும் வரிசையைக் கேட்டே எது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் இப்போது இல்லை. அவர் சொன்னதில் நாங்கள் பதிவு செய்து வைத்தது கொஞ்சம்தான். இன்றைக்கு ஒரு குழு தொடங்குகிறவர்கள் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.

இளையவர்கள் வருகிறார்கள், ஆனால் வந்த முதல் நாளே ஓட்டுநர் இருக்கையில் உட்கார ஆசைப்படுகிறார்கள். மாதக்கணக்கில் துருவைச் சுரண்டச் சொன்னால் நின்றுவிடுகிறார்கள். தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது, புதிதாக வருகிறவருக்கு ஒரு சின்ன வேலையை முழுசாக ஒப்படைத்து "இது உன்னுடையது" என்று சொன்னால் அவர் தங்குவார். ஒரு கதவு, ஒரு விளக்கு வரிசை, ஒரு இருக்கை போதும்.

உங்களைப் போன்றவர்களுக்கு வேலையா இல்லை? இருக்கைத் துணி தைக்க வேண்டும், கழற்றிய பாகங்களைப் படம் எடுத்துப் பட்டியல் போட வேண்டும், நிதி விண்ணப்பம் எழுத வேண்டும், கணக்குப் பார்க்க வேண்டும், காப்பீட்டுக்காரர்களோடு பேச வேண்டும். ஒரு நல்ல பொருளாளர் இல்லாமல் கலைந்த குழுக்களை எனக்குத் தெரியும், வெல்டர் இல்லாமல் கலைந்த குழு எதுவும் தெரியாது.

கே: அந்தப் பணத்தை மருத்துவமனைக்குக் கொடுத்தால் புண்ணியமாவது கிடைக்கும். பழைய இரும்புக்கு ஏன்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

ப: மருத்துவமனைக்கும் கொடுங்கள், நானும் கொடுக்கிறேன். எங்கள் குழுவுக்கு வரும் பணம் அங்கிருந்து பறித்தது இல்லை, சினிமாவுக்கும் சுற்றுலாவுக்கும் போகவேண்டிய சொந்தக் காசைத்தான் பெரும்பாலும் எங்கள் ஆட்கள் போடுகிறார்கள். கோயில் தேரைப் புதுப்பிக்கும்போது நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஊரே சேர்ந்து உபயோகித்த ஒரு பொருளை ஊரில் சிலர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள், எனக்கு இதில் வீண் எதுவும் தெரியவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருந்த சிலருக்கு வாரம் ஒருமுறை போக ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்பதையும் கண்ணால் பார்க்கிறேன்.

கே: நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து ஒரு பழைய ரயில் பெட்டியை ஏலத்தில் எடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன கவனிக்க வேண்டும்?
– மென்பொருள் துறை நண்பர்கள்

ப: ஆசையாக இருக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். அடுத்த இருபது வருடத்துக்கு எங்கே நிறுத்துவீர்கள், அந்த இடத்தின் சொந்தக்காரர் எழுத்தில் என்ன கொடுக்கிறார் என்று முதலில் பாருங்கள். வாய்மொழி வாக்குறுதி வேண்டாம், அந்த இடத்தின் நிர்வாகம் மாறினால் வாக்குறுதியும் மாறும், எங்களுக்கே நடந்திருக்கிறது. பெட்டி உங்களில் ஒருவர் பெயரில் இல்லாமல் அறக்கட்டளையின் பெயரில் இருக்கட்டும். நண்பர்களுக்குள் மனஸ்தாபம் வந்தாலோ ஒருவர் காலமானாலோ அந்தப் பெட்டி வாரிசுச் சொத்தாகி இரும்புக் கடைக்குப் போய்விடக்கூடாது. குழு கலைந்தால் பெட்டி எந்தக் குழுவுக்குப் போகும் என்பதையும் அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

அஸ்பெஸ்டாஸ் ஆய்வு அறிக்கையைக் கேளுங்கள், இல்லையென்றால் ஏலத்துக்கு முன் நீங்களே ஒருவரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடிச்சட்டத்தைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள், ஜன்னலுக்குக் கீழே உள்ள தகட்டைவிட அதுதான் முக்கியம். உதிரிபாகத்துக்காக அதே வகையில் இன்னொரு பெட்டி கிடைக்குமா என்று விசாரியுங்கள், அது உடைபட்ட பிறகு ஒரு கான்டாக்டர் முனைக்குக்கூட அலைய வேண்டிவரும். கையில் இருக்கும் பணத்தில் வாங்கும் விலையும் லாரிச் செலவும் போக மீதி ஷெட்டுக்குப் போதுமா என்று கணக்குப் போடுங்கள். போதாது என்றால் இந்த ஏலத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே கூரைக்கு அடியில் ஒரு ரயிலை வைத்துக்கொண்டு ஆளில்லாமல் தவிக்கும் குழு எதிலாவது போய்ச் சேருங்கள், இரண்டு கையையும் நீட்டி வரவேற்பார்கள்.